மெய்நிகர் நினைவகம் குறைவு: எச்சரிக்கை வந்ததும் செய்யக் கூடாதவை

நினைவகம் குறைந்துவிட்டது என்று விண்டோஸ் ஒரு சிறு பெட்டியைக் காட்டியதும், பலரும் 'ஓகே'யை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். முதல் தவறு அதுதான். பாதி எழுதிய கடிதமோ கணக்கோ திறந்திருந்தால் உடனே சேமியுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அடுத்து நினைவகம் கேட்கும் மென்பொருளுக்கு விண்டோஸ் கைவிரிக்கக்கூடும். அதைத் தாங்காமல் பல மென்பொருள்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும்.

'ரேம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) இன்னும் காலியாக இருக்கிறதே, பிறகு ஏன் எச்சரிக்கை?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய இடத்தை முன்கூட்டியே கேட்டு வைக்கிறது. விண்டோஸ் தருவதாக வாக்குக் கொடுக்கிறது. கொடுத்த வாக்குக்கு ஈடு வேண்டும் அல்லவா? ரேமும், வட்டில் மறைவாக இருக்கும் பேஜ்ஃபைல் என்ற கோப்பும் சேர்ந்ததே அந்த ஈடு. எச்சரிக்கை சொல்லும் மெய்நிகர் நினைவகம் இதுதான். 8 ஜிபி ரேமும் 4 ஜிபி பேஜ்ஃபைலும் இருந்தால் ஏறத்தாழ 12 ஜிபியே எல்லை. கேட்டு வாங்கிய இடத்தை மென்பொருள் இன்னும் தொடாவிட்டாலும் அது கணக்கில் ஏறிவிடும்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறவுங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்கினால் 'கமிட்டெட்' என்ற பெயரில் இரண்டு எண்கள் தெரியும்: முதலாவது கொடுத்த வாக்கு, இரண்டாவது எல்லை. இரண்டும் நெருங்கும்போதுதான் எச்சரிக்கை வருகிறது. ரேம் எத்தனை சதவீதம் நிரம்பியது என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் காரணம் பிடிபடாது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, பேஜ்ஃபைலையே நிறுத்திவிடுவது. அது இருந்தால் எஸ்எஸ்டி (சுழலாத வகை வட்டு) தேய்ந்துவிடும், நிறுத்தினால் வட்டில் இடம் மிச்சமாகும், கணினி வேகமாகும் என்றெல்லாம் யாரோ சொல்லக் கேட்டுச் செய்துவிடுகிறார்கள். நிறுத்திக் கணினியை ரீஸ்டார்ட் செய்ததுமே எல்லை ரேமின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. நீலத்திரை தோன்றிக் கணினி நின்றுபோனால், அதன் காரணத்தைப் பதிந்து வைக்கவும் விண்டோஸுக்கு அந்தக் கோப்பு தேவை.

ரேமைப் போல ஒன்றரை மடங்கு என்று கணக்கிட்டு பேஜ்ஃபைலின் அளவைக் கையால் பூட்டுவதும் வேண்டாம். 256 எம்பி ரேம் இருந்த காலத்து வாய்பாடு அது. அளவை விண்டோஸிடமே விட்டுவிட்டால் தேவைக்கேற்பக் கூட்டிக்கொள்ளும். ஆனால் கூட்டுவதற்கு வட்டில் இடம் இருக்க வேண்டும். பல வீட்டுக் கணினிகளில் சி டிரைவைச் சிறியதாகப் பிரித்து, அதையும் படங்களாலும் வீடியோக்களாலும் நிரப்பி வைத்திருப்பார்கள். அங்கே பேஜ்ஃபைல் எப்படி வளரும்? அவற்றை வேறு டிரைவுக்கு மாற்றினாலே எச்சரிக்கை நின்றுபோவது உண்டு.

ரேமைத் துப்புரவாக்குவதாகச் சொல்லும் மென்பொருள்களை நம்பாதீர்கள். அவை ரேமில் இருப்பதை வெளியே தள்ளுகின்றனவே தவிர, கொடுத்த வாக்கில் ஒரு துளியும் குறைவதில்லை. தள்ளியதைத் திரும்பக் கொண்டுவர வட்டுக்குத்தான் போக வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு தரவைத் தேடி எடுக்க ஆகும் நேரம், ரேமுக்கு ஆகும் நேரத்தைப் போல ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இடத்தைத் தின்பது யார் என்று பாராமல் எல்லையை மட்டும் கூட்டுவது. வாங்கியதைத் திருப்பித் தராத பழுது சில மென்பொருள்களில் இருக்கும்; இதைக் கசிவு என்பார்கள். எவ்வளவு கூட்டினாலும் அவை விழுங்கும். உறவினர் ஒருவரின் கணினியில் மாலைதோறும் இந்த எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. புதிய ரேம் வாங்கக் கடைக்குப் புறப்பட்டவரை நிறுத்தி, டாஸ்க் மேனேஜரின் டீட்டெயில்ஸ் பகுதியில் 'கமிட் சைஸ்' என்ற நெடுவரிசையைச் சேர்த்துப் பார்த்தோம். பிரிண்டருடன் வந்த ஒரு துணை மென்பொருள் காலையிலிருந்து நிற்காமல் வளர்ந்துகொண்டிருந்தது. அதை நீக்கியதோடு தொல்லை தீர்ந்தது. ரேம் வாங்கவே இல்லை. விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்புகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவேட்டில் 2004 என்ற எண்ணுள்ள குறிப்பைத் தேடினால், எச்சரிக்கை வந்தபோது அதிக இடம் பிடித்திருந்த மென்பொருள்களின் பெயர்களை விண்டோஸே எழுதி வைத்திருக்கும்.

கசிவு டிரைவரில் (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருளில்) இருந்தால் கணினியை அணைத்துப் போட்டால் மட்டும் போகாமல் இருக்கலாம். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்கும் கணினியில் 'ஷட் டவுன்' கொடுத்தால், விண்டோஸின் உட்கருவும் டிரைவர்களும் அதே நிலையில் வட்டில் சேமிக்கப்பட்டு மறுபடி எழுகின்றன. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் அவை புதிதாகத் தொடங்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும், பிரவுசரும் வழக்கமான இரண்டொரு மென்பொருளும் திறந்தாலே எல்லை எட்டுகிறது என்றால் ரேம் வாங்குங்கள். வாங்கும் முன், சேர்ப்பதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சில லேப்டாப்களில் ரேம் மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும்.