தலையில் அடிபட்டு ஒரு மாதம் ஆகியும் தலைவலியும் கிறுகிறுப்பும் போகவில்லையா? கழுத்தைப் பாருங்கள்

பைக்கிலிருந்து விழுவது, கார் பின்னாலிருந்து மோதுவது, விளையாட்டில் தலையோடு தலை இடிப்பது என்று எப்படி மூளை அதிர்ந்தாலும், கன்கஷன் என்று டாக்டர்கள் சொல்லும் அந்த அடி பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்திலும் பிள்ளைகளுக்கு நான்கு வாரத்திலும் தானாகவே அடங்கிவிடும். நான்கு வாரம் தாண்டியும் தலைவலி, கிறுகிறுப்பு, கண்கூச்சம், கவனம் சிதறுவது எல்லாம் இருந்தால்தான் அது நீடிக்கும் வகை. ஆம்ஸ்டர்டாமில் 2022-இல் நடந்த விளையாட்டு மருத்துவ மாநாடு வகுத்த எல்லை இது. இந்தக் கட்டத்தில் ஸ்கேன் எடுத்தால் அநேகமாக எதுவும் தெரியாது. "ஸ்கேன்தான் நார்மல்னு சொல்லிட்டாங்களே" என்று வீட்டில் முணுமுணுப்பு கிளம்புவதும் இப்போதுதான்.

ஸ்கேனில் தெரியாத காரணங்களில் முக்கியமானது கழுத்து. மூளையை அதிரவைக்கும் வேகத்தில் தலை ஆடும்போது, அந்தத் தலையைத் தாங்கும் கழுத்து மட்டும் தப்பிவிடாது. மேல் கழுத்தின் முதல் மூன்று நரம்புகளும் முகத்து உணர்வைக் கொண்டுபோகும் நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில்தான் போய்ச் சேருகின்றன. அதனால்தான் பிடரியில் உள்ள மூட்டுப் பிடிப்பு கண்ணுக்குப் பின்னால் வலியாகத் தெரிகிறது. பிடரிக்கு அடியில் இருக்கும் சின்னத் தசைகளில் 'தலை இப்போது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது' என்று மூளைக்குச் சொல்லும் உணர்விகள் மிக நெருக்கமாக இருக்கின்றன. அந்தத் தகவல் தப்பாகப் போனால், காதும் கண்ணும் சொல்வதோடு ஒத்துப்போகாமல் கிறுகிறுப்பு வரும். முதுகெலும்பு, கழுத்து மூட்டுகளைக் கையால் அழுத்தியும் அசைத்தும் சரிசெய்யும் கைரோபிராக்டர், பிசியோதெரபிஸ்ட் போன்றவர்களின் கைவேலைக்கு இடம் இங்கேதான். மூளையை அவர்கள் யாரும் குணப்படுத்துவதில்லை. அப்படிச் சொல்லி விளம்பரம் செய்பவரிடம் போகாதீர்கள்.

கழுத்தைத் தொடவிடும் முன்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் கழுத்தில் கைவைக்கும் சிகிச்சை வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், குழப்பம், கண்மணி இரண்டும் ஒரே அளவில் இல்லாமல் போவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது.

வயதானவர்கள், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர்கள், தினமும் குடிப்பவர்கள் ஆகியோருக்கு இன்னொரு ஆபத்து. மண்டையோட்டுக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம் வாரக்கணக்கில் சேர்ந்து அப்புறம்தான் அழுத்தத் தொடங்கும். விழுந்த அன்று எடுத்த சி.டி. நார்மல் என்பதை வைத்து ஒரு மாதம் கழித்து நிம்மதியாக இருக்க முடியாது. நடை தள்ளாடினாலோ தூக்கம் அதிகமானாலோ மறுபடியும் சி.டி. எடுக்கச் சொல்லுங்கள்.

கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிவது அரிது, ஆனால் தவறவிடக் கூடாதது. கழுத்தின் ஒரு பக்கத்திலோ பிடரியிலோ இதுவரை அனுபவித்தே இராத மாதிரி வலி, ஒரு கண் இமை தொங்கி அந்தக் கண்மணி சிறுத்துப்போவது, இரட்டையாகத் தெரிவது, விழுங்க முடியாமல் போவது, முகம் மரத்துப்போவது, கால் சட்டென மடிந்து விழுவது எல்லாம் அதன் அடையாளங்கள். இந்த நிலையில் கழுத்தைத் திருகினால் பக்கவாதம் வரலாம். கழுத்துத் திருகலுக்கும் இந்தக் கிழிசலுக்கும் தொடர்பு காணப்படுவதாகவும், அதுவே காரணம் என்று நிறுவப்படாவிட்டாலும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றும் அமெரிக்க இதய சங்கம் 2014-இல் அறிக்கை விட்டது. உங்களிடம் கைவைப்பவர் இதைத் தானாகச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

சலூனில் முடிவெட்டியதும் தலையைப் பிடித்து 'கடக்' என்று சொடக்கு எடுப்பார்களே, அதை அறவே விட்டுவிடுங்கள். சுளுக்கு எடுப்பவரிடம் போவதும் அதே கதைதான். யாருடைய கழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே செய்யும் வேலை அது.

எது எங்கிருந்து வருகிறது

மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: என்ன செய்தபோது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, கடுமைக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை மார்க். டாக்டரின் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

கழுத்தைத் திருப்பும்போதும், நெடுநேரம் குனிந்து போன் பார்த்த பிறகும் பிடரியில் தொடங்கி முன்னால் ஏறும் வலி என்றால் கழுத்தைச் சந்தேகிக்கலாம். படுக்கையில் புரண்டதும் அறையே சுற்றி ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால் அது உள்காதில் துகள் இடம் மாறியதாக இருக்கும். கழுத்து வைத்தியம் அதற்கு உதவாது. காது மூக்கு தொண்டை மருத்துவரோ பயிற்சி பெற்ற பிசியோவோ தலையைத் திருப்பிச் சட்டெனப் படுக்கவைத்துப் பார்க்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனை செய்துவிட்டு, எப்லி முறையில் தலையைச் சாய்த்துத் துகளைத் திருப்பி அனுப்புவார். பல பேருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே நின்றுவிடும். கழுத்து சரியாக இருக்கிறது என்று தெரியும்வரை வீடியோ பார்த்து நீங்களாகச் செய்யாதீர்கள். படிக்கும்போது எழுத்து இரண்டாகப் பிரிந்தால் கண் ஒருங்கிணைப்பு கெட்டிருக்கும். பேனா நுனியை மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவாருங்கள். சுமார் 6 செ.மீ. தூரம் வருவதற்குள்ளேயே இரண்டாகத் தெரிந்தால் கண் நிபுணரிடம் போக வேண்டும். மாடிப்படி ஏறினாலே தலை கனத்தால் அது உடல் உழைப்போடு சம்பந்தப்பட்டது. அதற்கு நடைப்பயிற்சிதான் மருந்து, கீழே வருகிறது.

இன்னொன்றை யாரும் கேட்பதில்லை: எத்தனை மாத்திரை போடுகிறீர்கள்? பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தால், மாத்திரையே தலைவலியைக் கிளப்பிவிடும். இதைச் சரிசெய்யாமல் எத்தனை பேர் கழுத்தைப் பிடித்துவிட்டாலும் பிரயோஜனம் இல்லை. எப்படிக் குறைப்பது என்று டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

முதல் நாள் என்ன பார்க்க வேண்டும்

நல்ல கைரோபிராக்டர் முதல் சந்திப்பில் பெரும்பாலும் கேள்வி கேட்பார், அளப்பார். ரத்த அழுத்தம், கண் அசைவு, முகம், கை கால் பலம், அனிச்சை, நடை ஆகியவற்றைப் பார்ப்பார். அடிபட்ட விதம் மோசமானது என்றாலோ, வயது 65 ஆகிவிட்டது என்றாலோ, கையில் மரமரப்பு இருந்தாலோ, கழுத்தை இருபுறமும் 45 பாகை திருப்ப முடியாவிட்டாலோ, எலும்பு முறிவு இல்லை என்று படம் எடுத்துப் பார்த்த பிறகுதான் தொடுவார். வந்த உடனே மேஜையில் படுக்கவைத்துச் சொடக்கு எடுக்க முனைந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவில் இவர்களுக்கு உரிமம் கட்டாயம். பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் பயிற்சி பெற்ற கைரோபிராக்டர் அரிது. கழுத்திலும் தலைசுற்றலிலும் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்டே இதே வேலையைச் செய்வார்.

மேல் கழுத்து மூட்டைப் பார்க்க, மல்லாந்து படுக்கவைத்துத் தாடை மார்பைத் தொடும்படி கழுத்தை முழுதாக மடித்து, அப்படியே இரு பக்கமும் திருப்புவார்கள். சாதாரணமாக 44 பாகை அளவுக்குத் திரும்பும். ஒரு பக்கம் 32 பாகைக்குக் கீழே நின்றுவிட்டால் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிப்பு இருக்கிறது. கழுத்தின் முன்புறம் எலும்பை ஒட்டி உள்ளே இருக்கும் ஆழ்தசையின் தாக்குப்பிடிப்பு இன்னொரு அளவு. மல்லாந்து படுத்துத் தாடையை லேசாக உள்ளிழுத்து, தலையை இரண்டு விரல் உயரம் தூக்கி நிறுத்தினால், கழுத்து வலி இல்லாத ஆண்கள் சராசரியாக 39 வினாடியும் பெண்கள் 29 வினாடியும் தாங்குகிறார்கள். அடிபட்ட கழுத்து பத்து வினாடியிலேயே நடுங்குவது சகஜம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு காகிதத்தில் புள்ளி வைத்து அதைச் சுற்றி 7 செ.மீ. ஆரத்தில் வட்டம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். நடுவில் குறுகிய ஒளி விழும் சின்ன டார்ச்சை நெற்றியில் பட்டையால் கட்டி, சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி உட்காருங்கள். ஒளி புள்ளியில் விழட்டும். கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, நேராக வந்துவிட்டது என்று தோன்றும் இடத்தில் நிறுத்திக் கண்ணைத் திறங்கள். ஒவ்வொரு பக்கமும் ஆறு தடவை. பெரும்பாலான தடவை ஒளி வட்டத்துக்கு வெளியே விழுந்தால், அதாவது சுமார் 4.5 பாகைக்கு மேல் தவறினால், கழுத்தின் நிலையுணர்வு கெட்டிருக்கிறது. லேசர் பாயின்டர் பயன்படுத்தினால் எதிரே யாரும், குறிப்பாகக் குழந்தைகள், இருக்கக் கூடாது.

சிகிச்சை

பிடரித்தசை, தோள்பட்டை மேல்தசை இரண்டையும் தளர்த்தும் அழுத்தம், மூட்டுகளை மெதுவாக அசைத்துவிடுவது, மார்பு முதுகெலும்பை நெகிழ்த்துவது, இவ்வளவுதான் கைவேலை. வாரம் ஒரு முறை போதும். வேகமாகத் திருகும் சொடக்கு இல்லாமலேயே கழுத்துப் பிடிப்பு தளர்ந்துவரும், அதனால் அந்த ஆபத்தை ஏற்கக் காரணமில்லை. கைவேலை முடிந்த அன்று மாலை வரை லேசான வலி இருக்கலாம். மறுநாளும் தலைவலி ஏறியிருந்தால் அழுத்தம் அதிகம், அடுத்த தடவை சொல்லிக் குறைக்கச் சொல்லுங்கள்.

கனடாவின் கால்கரியில் நடந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் கழுத்துச் சிகிச்சையும் சமநிலைப் பயிற்சியும் சேர்த்துப் பெற்ற 15 பேரில் 11 பேர் எட்டு வாரத்துக்குள் விளையாடத் தகுதி பெற்றார்கள். ஓய்வும் வழக்கமான பயிற்சியும் மட்டும் பெற்ற 14 பேரில் ஒருவர்தான். சின்ன ஆய்வு, செய்தவர்கள் பிசியோதெரபிஸ்ட்டுகள், இரண்டு சிகிச்சையும் சேர்ந்தே போனது. வெறும் சொடக்கு மட்டும் இந்தப் பலனைத் தரும் என்று எடுத்துக்கொள்ள இதில் ஆதாரம் இல்லை.

வீட்டில்

மல்லாந்து படுத்து, பிடரிக்குக் கீழே மடித்த துண்டு வைத்து, 'ஆமாம்' என்று மிகச் சின்னதாகத் தலையசைக்கிற மாதிரி தாடையை இறக்குங்கள். 10 வினாடி பிடித்து விடுங்கள், பத்து தடவை, நாளைக்கு இரண்டு வேளை. கழுத்தின் முன்புறம் கயிறு மாதிரி புடைத்தால் மேல்தசையை வைத்துத் தூக்குகிறீர்கள், பாதியாகக் குறையுங்கள். இங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள்: பலம் போட்டுச் செய்தால் ஆழ்தசைக்கு வேலையே போகாது.

மேலே சொன்ன டார்ச் சோதனையே பயிற்சியும்கூட. கண்ணைத் திறந்து, ஒளியால் வட்டத்தின் கோட்டைத் தடம்பிடித்தபடி இரண்டு நிமிடம், நாளைக்கு இருமுறை செய்யுங்கள்.

தலை ஆடும்போதும் பார்வை நிலையாக நிற்க, கை நீட்டும் தூரத்தில் ஒரு எழுத்தை ஒட்டி அதைப் பார்த்தபடியே தலையை இடவலமாக 20 பாகை அளவுக்கு ஆட்டுங்கள். எழுத்து மங்காத வேகம்தான் உங்கள் வேகம். முதலில் 30 வினாடி, பிறகு ஒரு நிமிடம், நாளைக்கு மூன்று முறை. கழுத்து வலி 4 மார்க்குக்கு மேல் இருக்கும் வாரத்தில் இதைத் தொடங்க வேண்டாம், கழுத்து இன்னும் முறுக்கிக்கொள்ளும்.

நடை. இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பது பழைய யோசனை. முதல் 24 முதல் 48 மணி நேரம் மட்டும்தான் ஓய்வு, அதுவும் லேசான வேலைகளைச் செய்துகொண்டே. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தின் டிரெட்மில் சோதனையில் எந்த இதயத்துடிப்பில் அறிகுறி கிளம்புகிறது என்று பார்த்து, அதில் 80 முதல் 90 சதவீதத்தில் தினமும் 20 நிமிடம் நடக்கச் சொல்கிறார்கள். 150-இல் கிளம்பினால் 120 முதல் 135 வரை. சோதனை செய்ய வசதி இல்லையென்றால், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் தொடங்குங்கள். நடக்கும்போது அறிகுறி இரண்டு மார்க்குக்குள் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பரவாயில்லை. அதைத் தாண்டினால் அன்றைக்கு நிறுத்தி, மறுநாள் வேகத்தைக் குறைத்துப் போங்கள். வெயிலில் வேண்டாம், வெக்கை மட்டுமே தலைவலியைக் கொண்டுவந்து கணக்கைக் குழப்பிவிடும்.

எப்போது நிறுத்துவது

நான்கு தடவை போயும் நோட்டில் மார்க் இறங்கவே இல்லையென்றால், கழுத்து காரணம் என்ற கணிப்பே தப்பாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஒற்றைத் தலைவலி, தூக்கமின்மை, மனச்சோர்வு மூன்றும் அடிபட்ட பிறகு புதிதாகத் தொடங்கக்கூடியவை, மூன்றுக்கும் தனித்தனி மருந்து இருக்கிறது. முப்பது சந்திப்புக்கு இப்போதே பணம் கட்டச் சொல்லும் பேக்கேஜ் எதையும் வாங்காதீர்கள்.

பைக் எடுப்பதற்கு முன், நின்றபடியே இரண்டு தோளுக்கும் பின்னால் வேகமாகத் திரும்பிப் பாருங்கள். கிறுகிறுப்போ வலியோ இல்லாமல் பத்து தடவை முடிந்தால்தான் சாவி. விழுந்தபோது போட்டிருந்த ஹெல்மெட் வெளியே கீறல்கூட இல்லாமல் இருந்தாலும் உள்ளே இருக்கும் தெர்மகோல் நசுங்கியிருக்கும். அது இன்னொரு அடியைத் தாங்காது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு புதிதாக வாங்குங்கள்.