குத்தைத் தடுக்கையில் கையைத் துரத்தாதீர்கள்

விங் சுன் என்னும் சீனத் தற்காப்புக்கலைப் பயிற்சிக்குப் புதிதாக வருபவர்கள், குத்தைத் தடுக்கும் பாடத்தில், நான் கற்ற நாட்களில் செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கைமுட்டியைத் தளர்வாக மூடுவது, பாதத்தைத் தவறாகத் திருப்புவது போன்றவை சில வகுப்புகளில் தாமாகவே திருந்திவிடும். கண்டிக்காமல் விட்டால் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொள்பவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கையைத் துரத்துதல்

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். முகத்தை நோக்கிக் குத்து வருகிறது; பயில்பவர் பாக் சாவ் என்னும் உள்ளங்கைத் தட்டலால் அதைத் திருப்புகிறார்; திருப்பியதோடு நில்லாமல், அந்தக் கை போகும் திசையெல்லாம் தன் கையையும் கொண்டுபோகிறார். குத்து தலையைத் தவறவிட நான்கு விரற்கடை விலகினால் போதும். அதற்கு மேல் தள்ளுவதெல்லாம் நம் நடுக்கோட்டை, அதாவது உடலின் நடுவே மேலிருந்து கீழாகச் செல்லும் கற்பனைக் கோட்டை, நாமே திறந்துவைப்பதாகும்.

கராத்தே பயின்றுவிட்டு எங்கள் கூடத்தில் சேர்ந்த இளைஞர் ஒருவரின் தட்டல், கூடத்தின் மறுகோடி வரை கேட்கும். ஒரு மாலை அவருடன் இணையாக நின்ற மூத்த மாணவி, குத்துவதுபோல் கையைப் பாதித் தூரம் நீட்டி நிறுத்திக்கொண்டார். இளைஞரின் கை காற்றைத் தட்டிக்கொண்டு எதிர்த்தோளுக்கு வெளியே போனது. முழங்கை விலாவை விட்டு விலகியது. மாணவி தன் முழங்கையைச் சற்றே தாழ்த்தி, அதே கையை அந்தத் தட்டலுக்கு அடியில் நுழைத்து, அவருடைய மார்பெலும்பைத் தொட்டு நிறுத்தினார். மறு கையை அவர் அசைக்கவே இல்லை. அடுத்த சுற்றில் இளைஞர் இன்னும் பலமாகத் தட்டினார். இன்னும் எளிதாக அடிபட்டார்.

ஹாங்காங்கில் 1950ஆம் ஆண்டு முதல் விங் சுன் கற்பித்த ஆசான் இப் மானின் மரபில், வருவதை ஏற்றுக்கொள், போவதை வழியனுப்பு, கை விடுபட்டால் நேரே முன்னேறு என்றொரு பாடம் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. புதியவர்கள் முதல் இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டு மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். எதிராளியின் கை நம் கையைத் தடுக்காத அந்தக் கணத்தில் நம் கை பக்கவாட்டில் அலையாமல் அவருடைய உடலை நோக்கிச் செல்ல வேண்டும்; தடுப்பும் தாக்குதலும் ஒரே நேரத்தில் நிகழ்வதுதான் இக்கலையின் உயிர். தடுப்பதிலேயே கருத்தைச் செலுத்துபவர் முதல் குத்திலிருந்து தப்பலாம், ஆனால் தெருவில் எவரும் ஒரே குத்தோடு நிறுத்துவதில்லை.

இதைத் திருத்த எளிய வழி உண்டு. இணையராக நிற்பவர் இடையிடையே, முன்னறிவிப்பின்றி, குத்தைப் பாதியில் நிறுத்தட்டும். அப்போது உங்கள் தட்டும் கை உங்கள் தோள் கோட்டைத் தாண்டினால் துரத்துகிறீர்கள் என்று பொருள். முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே ஒரு முட்டி அளவு இடைவெளியைக் காத்துக்கொண்டு, மறு கையைக் காவலாக மார்பின் முன் நிறுத்திக்கொண்டு, தொடக்கத்திலிருந்தே மெதுவாகச் செய்யுங்கள்.

நீட்டிய கையை நிறுத்திவைக்கும் இணையர்

குத்திய கையை உடனே திரும்ப இழுக்கச் சொல்லுங்கள். சிலைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் கையில் எல்லாத் தடுப்பும் பலிக்கும்.

சி சாவே சண்டை என்று நினைத்தல்

இருவரின் முன்கைகளும் ஒட்டியபடி நடக்கும் இப்பயிற்சி, தொடுகையின் வழியே எதிராளியின் விசையை உணரக் கற்றுத்தருகிறது. ஆனால் தெருவில் முதல் குத்து தொடுகையின்றியே, தொலைவிலிருந்து, பெரும்பாலும் வளைந்து வருகிறது. அந்த இடைவெளியைக் கடந்து நெருங்கும் அடிவைப்பைத் தனியாகப் பயில வேண்டும். சி சாவில் வல்லவர்கள் பலர் இதில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன்.

மூச்சை அடக்குதல்

அடக்காதீர்கள்.

நேர்கோட்டில் பின்வாங்குதல்

குத்து வந்தால் பின்னே நகர்வது இயல்பே. ஆயினும் முன்னோக்கி ஓடிவருபவரின் வேகத்தைப் பின்னோக்கி நடப்பவரால் மிஞ்ச முடியாது. இரண்டாவது, மூன்றாவது குத்தில் அவர் எட்டிப்பிடித்துவிடுவார். சிங் யி என்னும் மற்றொரு சீனத் தற்காப்புக்கலை மரபினர் முன்னே அடிவைத்துக் குத்தின் முழு வேகம் திரளும் முன்பே நெருங்குகிறார்கள். பா குவா என்னும் இன்னொரு சீனக் கலையின் மரபினர் வட்ட நடையில் பழகிய கால்களால் எதிராளியின் பக்கவாட்டுக்குப் போகிறார்கள். வழிகள் வேறானாலும் இருவருமே குத்தின் கோட்டில் நேரே பின்வாங்குவதில்லை. விங் சுன் பயில்பவர் குறைந்தது அரை அடியாவது சாய்வாக விலகி, கண்ணை முட்டியில் வைக்காமல் எதிராளியின் முழங்கையிலும் தோளிலும் வைத்துப் பழக வேண்டும். குத்து அங்கேதான் முதலில் தெரியும்.