பிள்ளை தன்பாலீர்ப்பைச் சொல்லும்போது பெற்றோர் செய்ய வேண்டியவை

தன் மனம் தன் பாலினத்தவரையே நாடுகிறது என்று மகனோ மகளோ பெற்றோரிடம் வாய்திறந்து சொல்வது, பெரும்பாலும் நெடுங்காலம் தனக்குள்ளேயே போராடிய பிறகுதான். ஆகவே முதலில் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேளுங்கள். யார் கெடுத்தார்கள், எங்கே கற்றுக்கொண்டாய் என்ற கேள்விகள் வேண்டாம். என்ன சொல்வதென்று தெரியாவிட்டால், "இது எனக்குப் புதிது, புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் வேண்டும், ஆனால் நீ என் பிள்ளை என்பதில் மாற்றமில்லை" என்று சொன்னால் போதும்.

ஈர்ப்பையும் பாலின அடையாளத்தையும் ஒன்றாகக் கருதிக் குழம்ப வேண்டாம். ஆணை விரும்பும் ஆண் தம்மை ஆணாகவே உணரலாம். பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்துக்கு வேறாகத் தம்மை உணர்வோரே திருநர். உங்கள் பிள்ளை தன்னை எப்படிக் குறிப்பிடுகிறதோ, அப்படியே நீங்களும் குறிப்பிடுங்கள்.

பெற்றோர் பலர் அடுத்துத் தேடுவது "குணப்படுத்தும்" மருத்துவரை. இங்குதான் மிகுந்த எச்சரிக்கை தேவை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஒருவரையொருவர் விரும்பி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்த இரு இளம்பெண்களைக் காணவில்லை என்று அவர்களுடைய பெற்றோர் புகார் அளித்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்கு முழுமையான புரிதல் இல்லை என்று வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பின்னரே, 2021 ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார். ஈர்ப்பை மருத்துவ வழியில் மாற்ற முயல்வதை அந்த ஆணை தடை செய்தது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022-இல் அத்தகைய சிகிச்சையைத் தொழில்நெறி மீறல் என அறிவித்தது. ஒரு நீதிபதியே கற்றுக்கொள்ள முன்வந்திருக்கும்போது, தெரியாததைக் கேட்டறிவதில் பெற்றோருக்கு என்ன கூச்சம்?

பிள்ளைக்குத் தூக்கமின்மையோ மனச்சோர்வோ இருந்தால், அதற்கு உதவி தேடுவது அவசியம்தான். ஆனால் ஈர்ப்பை மாற்ற முயல மாட்டேன் என்ற உறுதியை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐயும் அழைக்கலாம்.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று உறவினர் சொல்வதைக் கேட்டு நடக்காதீர்கள். உங்கள் பிள்ளையோடு, ஏதும் அறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையும் அதில் வீணாகிறது. பிள்ளையின் சம்மதமின்றி அத்தை, மாமா, பாட்டி என எவரிடமும் இதைச் சொல்லவும் வேண்டாம். யாரிடம், எப்போது சொல்வது என்பது பிள்ளையின் முடிவு.

சட்டத்தையும் அறிந்து வைத்திருங்கள். வயது வந்தோர் இருவர் மனமொத்து வாழும் தன்பாலின உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. ஆயினும் 2023 அக்டோபர் தீர்ப்பில் திருமண உரிமையை அது ஏற்கவில்லை. ஆகவே பிள்ளை ஒருவரோடு சேர்ந்து வாழத் தொடங்கினால், வங்கியில் இருவர் பெயரிலும் கணக்குத் தொடங்கவும், துணையை நாமினியாகக் குறிப்பிடவும், முறையாக உயில் எழுதவும் கூடவே இருந்து உதவுங்கள்.