லிக்விட் கூலிங்: வாங்கும்போதும் ஊற்றும்போதும் செய்யும் தவறுகள்

என் கம்ப்யூட்டரின் முதல் கஸ்டம் லூப்பில் (சூட்டைத் தணிக்கத் தண்ணீர் சுற்றிவரும்படி பாகம் பாகமாக வாங்கி நாமே கட்டும் அமைப்பு) பால் போன்ற வெள்ளைக் கூலன்ட் ஊற்றியிருந்தேன். கூலன்ட் என்பது அதில் சுற்றும் திரவம். கேபினெட்டின் கண்ணாடி வழியாகப் பார்க்க அவ்வளவு அழகு. எட்டு மாதம் போனதும் பிராசஸரின் சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஆரம்பித்தது. பிராசஸரின் சூட்டை மேலே கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும் என்று இரண்டு முறை மாற்றினேன், பயனில்லை. கடைசியில் பிராசஸர் மேல் உட்கார்ந்து தண்ணீருக்குச் சூட்டைக் கொடுக்கும் வாட்டர் பிளாக்கையே பிரித்துப் பார்த்தால், செம்பில் சீப்புப் பல் போல நெருக்கமாக வெட்டியிருக்கும் வரிகளுக்கு நடுவே தயிர் உறைந்தாற்போல ஒரு படிவு. பழைய டூத் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன்.

அந்தக் கூலன்ட்டைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒளி ஊடுருவாத நிறம் வேண்டுமென்றால் நுண்துகள்களைக் கலந்துதான் ஆக வேண்டும். துகள் என்றால் எங்காவது ஒரு இடுக்கில் படியத்தான் செய்யும். லூப்பில் தண்ணீருக்கு என்ன வேலை என்று யோசிக்காமல் நிறத்தைப் பார்த்து வாங்கியவன் நான்.

அந்த வேலை என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம். தண்ணீர் ஒரு சுமைகூலி. பிராசஸரிடமிருந்து சூட்டை வாங்கி ரேடியேட்டரில் கொண்டுபோய் இறக்குகிறது. சூட்டை வெளியே தள்ளுவது அங்கே வீசும் காற்று. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினாலே, தண்ணீர் 1 டிகிரி சூடேறுவதற்குள் சுமார் 70 வாட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். 300 வாட் கக்கும் ஒரு கிராபிக்ஸ் கார்டைத் தாண்டி வரும்போதுகூட அது நாலைந்து டிகிரிதான் ஏறியிருக்கும். அதனால் "கார்டு முதலா, பிராசஸர் முதலா" என்று வரிசைக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ட்யூப் எந்த வழியில் மடியாமல் போகிறதோ அதுவே நல்ல வரிசை. இன்னொன்று: எவ்வளவு பெரிய லூப் கட்டினாலும் தண்ணீர் அறையின் வெப்பநிலைக்குக் கீழே போகாது.

ஆக, பணம் போக வேண்டிய இடம் ரேடியேட்டர். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 'லிக்விட்' என்ற சொல்லுக்காக 120 மி.மீ. ரேடியேட்டரும் ஒற்றை ஃபேனும் உள்ள ஏஐஓ (பம்ப், ட்யூப், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து மூடியே விற்கும் ஆல்-இன்-ஒன் கூலர்) வாங்குவதைவிட, ஒரு நல்ல டவர் ஏர் கூலர் வாங்கலாம். 65 வாட் வகைப் பிராசஸருக்கு லிக்விட் கூலிங்கே ஆடம்பரம் என்பது என் கட்சி. அதுவே 253 வாட் வரை இழுக்க அனுமதி பெற்ற இன்டெல் கோர் ஐ9-14900கே போன்றது என்றால் 360 மி.மீ. ரேடியேட்டர் கேட்பது நியாயம். ஏஎம்டி ரைசன் 7000 வரிசையின் உயர்ரகப் பிராசஸர்களில் ஒரு கூத்து உண்டு: முழுச் சுமையில் 95 டிகிரி வரை போவதுதான் அவற்றின் வடிவமைப்பு. கூலர் பெரிதானால், கிடைத்த இடத்தில் வேகத்தைக் கூட்டிக்கொண்டு மறுபடி அங்கேயே வந்து நிற்கும். எண் இறங்கவில்லையே என்று கூலரைத் திருப்பி அனுப்புபவர்கள் இதை அறியாதவர்கள்.

கேபினெட்டை அளந்துவிட்டு வாங்குங்கள். வழக்கமான ஏஐஓ ரேடியேட்டரின் தடிமன் 27 மி.மீ., ஃபேன் 25 மி.மீ.; மேல்கூரையில் மாட்ட 52 மி.மீ. வேண்டும். "360 பொருந்தும்" என்று கேபினெட் விவரத்தில் எழுதியிருப்பது பெரும்பாலும் நீளத்தைத்தான். உயரமான ரேம் குச்சி இடிக்குமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எங்கே மாட்டுவது? மேலே மாட்டினாலும் சரி, முன்னால் நிறுத்தி வைத்தாலும் சரி, ஒரு விதி போதும்: லூப்பிலேயே உயரமான இடம் பம்ப்பாக இருக்கக் கூடாது. மூடிய லூப்பிலும் கொஞ்சம் காற்று இருக்கும், காலப்போக்கில் ட்யூப் சுவர் வழியாகத் தண்ணீர் துளித்துளியாக வெளியேற அது பெருகும். காற்று எப்போதும் உச்சிக்குப் போகும். உச்சியில் பம்ப் இருந்தால் முதலில் கொடகொடவென்று சத்தம், அப்புறம் பம்ப்பின் ஆயுளே குறையும்.

மாட்டும்போது ஸ்குரூவைக் கவனியுங்கள். ரேடியேட்டரோடு வருவதை விட்டுவிட்டு டப்பாவில் கிடக்கும் நீளமான ஒன்றை முடுக்கினால், அது நேராக ரேடியேட்டரின் தண்ணீர்க் குழலில் போய்க் குத்தும். கையால் செருகி, மறுபக்கம் எவ்வளவு நீட்டுகிறது என்று பார்த்துவிட்டு முடுக்குவது என் வழக்கம். பிராசஸரைத் தொடும் செம்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடப்பது.

ஃபேன் வேகத்தைப் பிராசஸர் சூட்டோடு இணைப்பதும் பலர் செய்வது. பிராசஸர் ஒரு நொடியில் 20 டிகிரி தாவும், இறங்கும். தண்ணீரோ ஏற நிமிடக்கணக்காகும். பிரவுசரில் ஒரு பக்கம் திறந்ததற்கெல்லாம் ஃபேன் இரைந்து அடங்கினால் காரணம் இதுதான். கஸ்டம் லூப்பில் தண்ணீர் வெப்பநிலைக்குத் தனி சென்சார் வைத்து ஃபேனை அதோடு கட்டுங்கள். ஏஐஓ என்றால் ஃபேன் சற்றுத் தாமதமாக எதிர்வினை காட்டும்படி பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) அமைக்கலாம். பம்ப்பை மட்டும் ஒரே வேகத்தில் ஓடவிடுங்கள்.

சரி, கூலன்ட்டுக்கு வருவோம். ஏஐஓ வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை கிடையாது, அதைத் திறக்கவே வேண்டாம். கஸ்டம் லூப்புக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. அதில் உள்ள உப்புகள் படியும். குடிக்கச் சுத்திகரித்த தண்ணீரும் காய்ச்சி வடித்த நீரும் ஒன்றல்ல. காய்ச்சி வடித்த நீரே ஆனாலும் தனியாக ஊற்றிவிட்டால் சில மாதங்களில் பாசி பிடிக்கும், உலோகமும் அரிக்கும். பாசியைத் தடுக்கும் மருந்தும் அரிப்பைத் தடுக்கும் மருந்தும் சேர்ந்தே வரும் நிறமற்ற கூலன்ட்தான் என் தேர்வு. நிறம் வேண்டுமென்றால் விளக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார் கூலன்ட்டை ஊற்றலாமே என்று கேட்பார்கள். பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். உள்ளே போனால் விஷம், இனிப்புச் சுவை வேறு. குழந்தையோ நாயோ இருக்கும் வீட்டில் ஒரு கசிவு போதும். கம்ப்யூட்டருக்கென்று விற்பதில் பெரும்பாலும் அதைவிட நஞ்சு மிகக் குறைந்த புரோப்பிலீன் கிளைக்கால் இருக்கும். இரண்டு வகைக் கூலன்ட்டைக் கலக்காதீர்கள்; மிச்சம் இருக்கிறதே என்று சேர்த்து ஊற்றினால் கூழாகத் திரியலாம்.

'மின்சாரம் கடத்தாது' என்ற லேபிளை நம்பிக் கசிவைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது இன்னொரு தவறு. பாட்டிலில் இருக்கும்வரை அது ஓரளவு உண்மை. லூப்பில் சுற்றச் சுற்ற உலோக அயனிகள் கரைந்து, கடத்த ஆரம்பித்துவிடும்.

செம்பையும் அலுமினியத்தையும் ஒரே லூப்பில் சேர்க்காதீர்கள். இரண்டும் ஒரே நீரில் நின்றால் சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் கரையும். விலை குறைவு என்று வாங்கிய ரேடியேட்டர் எந்த உலோகம் என்று கேட்டு வாங்குங்கள். புது ரேடியேட்டரின் உள்ளே பற்றவைத்த மிச்சம் இருக்கும். வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டி, தெளிவாக வரும்வரை அலசிவிட்டு, கடைசி அலசலைக் காய்ச்சி வடித்த நீரால் முடியுங்கள். அக்ரிலிக் பாகங்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டாம், விரிசல் விடும்.

கடைசியாக, நிரப்பியவுடன் பவர் பட்டனை அழுத்தும் அவசரம். மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகும் மின் கேபிள்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பவர் சப்ளையைத் தனியாக இயக்க உதவும் ஜம்பர் செருகியால் பம்ப்பை மட்டும் ஓட்டுங்கள். ரிசர்வாயர் (கூலன்ட் ஊற்றும் சிறு தொட்டி) காலியாகி பம்ப் வறண்டு ஓடவிடக் கூடாது. நிறுத்தி நிறுத்தி ஊற்றுங்கள். ட்யூப் இணையும் ஒவ்வொரு ஃபிட்டிங்கின் அடியிலும் ஒரு வெள்ளை டிஷ்யூ வைத்து, 24 மணி நேரம் விடுவேன். ஒருமுறை காலையில் பார்த்தபோது ஒரே ஒரு டிஷ்யூவின் ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவு ஈரம். கழற்றிப் பார்த்தால் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் பாதி வெளியே பிதுங்கி நின்றது.