மலையக ஈரத்தில் கைத்துப்பாக்கியின் கறுப்பு போகாமல் இருக்க, முதலில் உறையைப் பாருங்கள்

துப்பாக்கியை வெறுமையாக்குங்கள். தோட்டா போடும் சுழல் உருளையான சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு துளையையும் விரல்நுனியால் தொட்டுப் பார்த்து, தோட்டாக்களைக் கொண்டுபோய் வேறு அறையில் வைத்துவிட்டு, அப்புறம் ஜன்னலோரம் வந்து உட்காருங்கள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் குழல் முனையின் விளிம்பு, குறிபார்க்கக் குழல்மேல் நிற்கும் குறிமுள்ளின் இரண்டு பக்கம், சிலிண்டரின் வெளிவளைவு, பிஸ்டல் என்றால் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடின் முன்மூலைகள் ஆகிய இடங்களில் கறுப்பு தேய்ந்து இரும்பு வெள்ளையாகத் தெரிகிறதா? இவையெல்லாம் உறைக்குள் போகும்போதும் வரும்போதும் உரசுகிற இடங்கள். சுட்டுச் சுட்டுத் தேய்ந்த துப்பாக்கியை நான் அதிகம் பார்த்ததில்லை, சும்மா இடுப்பில் கிடந்தே தேய்ந்தவைதான் நிறைய.

நான் ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் தோட்டச் சம்பளப் பணம் போகும் வண்டியில் பல வருஷம் பாதுகாப்புக்குப் போனவன். 10ஆம் திகதி நெருங்கினால் விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை இடுப்பில் ஒரு .38 ரிவோல்வர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினமும் இரவு அதை எண்ணெய் போட்டுத் துடைப்பேன், அப்படியும் 6 மாதத்தில் குழல் முனை வெளுத்துவிட்டது. கூட வேலை செய்த ஒரு அண்ணன் ஒருநாள் என் உறையை வாங்கி, ஒரு வெள்ளைச் சாரத் துணியைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டு நாலு தடவை திருகி எடுத்துக் காட்டினார். துணி செம்மண் நிறத்தில் வந்தது. கையால் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று மணல். "தம்பி, நீ துப்பாக்கியத் தொடச்சிக்கிட்டே இருக்க, இதுக்குள்ள என்ன இருக்குன்னு ஒருநாளாவது பாத்தியா?" என்றார். அன்றிலிருந்து நான் துப்பாக்கிக்குச் செலவிடும் நேரத்தைவிட உறைக்குச் செலவிடும் நேரம்தான் அதிகம்.

காரணம் எளிமையானது. புளூயிங் என்று சொல்லும் அந்தக் கருநீலப் பூச்சு உண்மையில் பெயின்ட் மாதிரி மேலே பூசியது இல்லை. இரும்பின் மேல்தோலையே வேண்டுமென்று ஒரு விதமாகத் துருவாக்கிக் கறுப்பாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு தலைமயிரின் தடிப்பில் சின்னஞ்சிறு பங்குகூட வராது. நம்முடைய செம்மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணலோ அந்தப் பூச்சைவிடக் கடினமானது. தோல் மென்மையானது, அது தானாக இரும்பைத் தேய்க்காது. ஆனால் அந்த மணல் தோலில் பதிந்துவிட்டால் உறை முழுவதும் மண்தாள் ஆகிவிடுகிறது, ஒவ்வொரு தடவை எடுத்துச் செருகும்போதும் அது ஒரு இழை இழைக்கிறது. தை, மாசியில் மழை விட்டதும் தோட்டத்து மண்ரோட்டில் ஜீப்புக்குப் பின்னால் எழும்பும் தூசியை நினைத்துப் பாருங்கள், அது எல்லாம் எங்கே போய்ப் படியும்?

ஆகவே வாரம் ஒருமுறை, தூசிக் காலத்தில் இரண்டு முறை, உறையைப் பெல்ட்டிலிருந்து கழற்றி வாயைக் கீழே பார்க்கப் பிடித்து உள்ளங்கையில் தட்டுங்கள். பெரும்பாலான உறையின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அது தூசியும் தண்ணீரும் வெளியேறத்தான், அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் திறந்துவிடுங்கள். அடுத்து பழைய பல் தூரிகையைக் குச்சியில் கட்டி உள்சுவரையும் தையல் ஓரத்தையும் உலர்வாகத் தேய்த்து மறுபடி தட்டவேண்டும். கடைசியில் மட்டும் நன்றாகப் பிழிந்த, கையில் ஈரம் ஒட்டாத அளவு துணியால் ஒரு தடவை. முதலிலேயே ஈரத்துணி போட்டால் மண் குழைந்து தோலுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள், குழல் முனை முட்டுகிற இடத்தில் பளபளவென்று கறுத்த தடம் இருக்கும், மணல் ஒளிந்திருப்பது அங்கேதான். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள்.

உறை துப்பாக்கிக்குச் சரியான அளவில் இருக்கவேண்டும் என்பதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. நான் முதலில் வேலை செய்த இடத்தில் பெரிய ரிவோல்வருக்குத் தைத்த உறையைச் சின்ன ரிவோல்வருக்குக் கொடுத்திருந்தார்கள். மஸ்கெலியா வளைவுகளில் வண்டி ஆட ஆட, உள்ளே அதுவும் ஆடும், ஒரு நாளில் எடுத்துச் செருகாமலே ஆயிரம் தடவை உரசியிருக்கும். லேசாக இறுக்கமாக இருப்பதே நல்லது. புதுத் தோல் உறை மிக இறுக்கம் என்றால், வெறுமையாக்கிய துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே அழுத்தி ஒரு இரவு விட்டு எடுத்தால் தோல் அந்த வடிவத்துக்குப் பழகும். தோலை இளக்குகிறேன் என்று எண்ணெயில் ஊறப்போடாதீர்கள், தொளதொளவென்று ஆகித் துப்பாக்கியைப் பிடிக்கும் சக்தியையே இழந்துவிடும். உள்ளே வெல்வெட் மாதிரி மென்தோல் வைத்துத் தைத்த உறையைச் சிலர் ஆசைப்பட்டு வாங்குவார்கள், கைக்கு இதமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த மயிர்த்தோலில் மணலும் ஈரமும் தங்குவதுபோல வேறெதிலும் தங்காது, நம் ஊருக்கு அது ஆகாது.

கைடெக்ஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் உறை தண்ணீர் குடிக்காது. மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வேலை என்றால் இதைத்தான் நான் சொல்வேன், வருஷத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடத்தில் தோலை உலர்த்தி மாளாது. ஆனால் அதில் மணல் புகுந்தால் தோலைவிட வேகமாகக் கீறும், ஏனென்றால் மணல் பதிந்துகொள்ள அங்கே மெத்தை இல்லை. கழுவுவது சுலபம், பாத்திரம் கழுவும் திரவமும் தண்ணீரும் போதும், முழுக்க உலர்ந்தபின் துப்பாக்கியை வையுங்கள்.

மழையில் நனைந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், பாதிப் பூச்சு போவது அந்த ஒரு இரவில்தான். ரெயின்கோட் போட்டிருந்தேனே, நனையவில்லையே என்று நினைப்போம். ரெயின்கோட்டுக்குள் நம் வியர்வையும் ஸ்வெட்டரின் ஈரமும் உறையில்தான் இறங்குகின்றன, வியர்வையில் உப்பு இருக்கிறது, மழைத்தண்ணீரைவிட அது மோசம். வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணி குடிப்பதற்கு முன்னால் துப்பாக்கியை வெளியே எடுத்து வெறுமையாக்கித் துடைத்துவிடுங்கள். கைப்பிடிப் பலகைக்கு அடியிலும் குறிமுள் வேரிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். டபிள்யூடி-40 என்கிற ஸ்ப்ரே அடித்தால் அந்தத் தண்ணீரைத் தள்ளி வெளியேற்றும், அது 1953இல் அந்த வேலைக்காகவே செய்யப்பட்டது. ஆனால் அதை அப்படியே விட்டுவிட்டால் சில நாளில் காவல் போய்விடும், ஆகவே துடைத்தெடுத்துவிட்டு மேலே சரியான எண்ணெய் போடவேண்டும். இந்த மாதிரி ஊடுருவும் எண்ணெய் தோட்டாவில் படவே கூடாது, அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் மூடிக்குள் இறங்கி வெடிக்காமல் போகலாம்.

நனைந்த உறைக்குள் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து, காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டு, தாள் நனைய நனைய மாற்றுங்கள், இரண்டு நாள் எடுக்கும், எடுக்கட்டும். அடுப்புக்கு மேலே தொங்கவிடுவதுதான் நம் ஊர்ப் பழக்கம், கம்பளியும் சப்பாத்தும் அங்கேதான் காயும், எனக்கும் அந்த வழக்கம் இருந்தது. தோல் அந்தச் சூட்டில் சுருங்கி அப்பளம் மாதிரி முறியும், வடிவம் மாறித் துப்பாக்கியை ஒரு பக்கமாக நெரிக்கும், அந்தப் பக்கம் மட்டும் பூச்சு போகும். தேயிலை பெக்டரியில் கொழுந்து காய்கிற சூட்டில் வைத்து எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம்.

இரவில் துப்பாக்கி உறைக்குள் தூங்கக் கூடாது. இது ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடிந்தது. தோல் காற்றிலிருந்தே ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், பதனிடும்போது சேர்ந்த புளிப்பும் உப்பும் அதற்குள் மிச்சம் இருக்கும், இரண்டும் சேர்ந்து இரும்போடு இரவெல்லாம் ஒட்டிக் கிடந்தால் காலையில் பூனைக்குட்டித் தோல் மாதிரி மெல்லிய செம்பூ பூத்திருக்கும். தோட்டாக்களையும் பெல்ட் வளையத்தில் விட்டுவைக்காதீர்கள், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். துப்பாக்கியை எண்ணெய்த்துணியால் துடைத்து, பூட்டுள்ள இரும்புப் பெட்டிக்குள், சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வருகிற சிலிக்கா ஜெல் பைகள் நாலைந்தோடு வையுங்கள். நீல மணியாக இருந்தால் இளஞ்சிவப்பாகும்போது ஈரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சமையல் தாச்சியில் வறுக்காதீர்கள், அந்த நீலம் கோபால்ட் உப்பு, உடம்புக்குக் கேடு.

நுவரெலியா, நானுஓயாப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஜனவரியில் புல்லில் உறைபனி கிடக்கும் விடியலில் வெளியே இருந்துவிட்டு அடுப்பெரிகிற சூடான அறைக்குள் வந்தால், குளிர்ந்த இரும்பின் மேல் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி நீர் பூக்கும். வந்தவுடன் துடைத்தால் மறுபடியும் பூக்கும். துப்பாக்கி அறையின் சூட்டுக்கு வரும்வரை, வெறுமையாக்கி ஒரு அரை மணி நேரம் உங்கள் கண்பார்வையிலேயே துணியில் சுற்றி வைத்துவிட்டு, அதன்பின் துடைத்து எண்ணெய் போடுங்கள்.

எந்த எண்ணெய் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நுவரெலியாவில் காலையில் தலைக்கு வைக்க எடுத்தால் போத்தலில் வெள்ளையாகக் கட்டியாகி நிற்கிறதே, 24 பாகைக்குக் கீழே அது அப்படித்தான் உறையும், துப்பாக்கியின் சுருள்வில்லுக்குள்ளும் அதே கதிதான், நாள்பட்டால் காறிப்போய்ப் புளிக்கும். துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெய் கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால் தையல் மெஷினுக்குப் போடும் மெல்லிய எண்ணெய் நல்லது, ஆனால் சீக்கிரம் வழிந்துவிடுவதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை போடவேண்டும். நாலு சொட்டுப் போதும். தடவியபின் விரலால் தொட்டால் விரல் மினுங்கவேண்டும், நனையக் கூடாது. எண்ணெய் அதிகமானால் தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும், உறையும் அதைக் குடித்து இளகும்.

தினமும் உறையில் செருகும் துப்பாக்கிக்கு வெளிப்புறத்தில் எண்ணெயைவிட மெழுகு மேல். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பழம்பொருட்களைக் காக்க உருவாக்கிய ரெனைசான்ஸ் மெழுகை வெளிநாட்டில் பலர் இதற்குப் பாவிக்கிறார்கள். இங்கே காருக்குப் போடும் நல்ல கார்னோபா மெழுகு போதும், ஆனால் கீறல் போக்கும் பொலிஷ் வகையாக இருக்கக் கூடாது, அதில் தேய்க்கும் தூள் இருக்கும், அது பூச்சையே வழித்தெடுத்துவிடும். முதலில் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, ஒரு பட்டாணி அளவு மெழுகைத் துணியில் எடுத்து வெளிப்பக்கம் மட்டும் மெல்லியதாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் பழைய பருத்தித் துணியால் மினுங்கும்வரை தேயுங்கள். குழல் முனைக்கும் குறிமுள்ளுக்கும் மட்டும் மூன்று தடவை. உள்ளே அசையும் பாகங்களுக்கு எண்ணெய்தான், மெழுகு போகக் கூடாது.

நிக்கல் பூசிய துப்பாக்கி என்றால் அமோனியா கலந்த குழல் சுத்திகரிப்பான் வெளியே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நிக்கலுக்கு அடியில் செம்புப் படை இருந்தால் கீறல் வழியாக அதைத் தின்று பூச்சைத் தோலுரித்துவிடும். ஸ்டெயின்லஸ் என்றாலும் துருப்பிடிக்காமல் இருக்காது, தாமதமாகப் பிடிக்கும், அவ்வளவே. கைப்பிடி பிளாஸ்டிக்காக இருந்தாலும் ஸ்லைடு இரும்புதான்.

சும்மா இருக்கும்போது எடுத்து எடுத்துச் செருகும் பழக்கம் சிலருக்கு உண்டு. பூச்சுக்கும் கேடு, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. சாப்பிட உட்காரும்போது கழற்றவேண்டும் என்றால் உறையோடு சேர்த்துப் பெல்ட்டிலிருந்து கழற்றுங்கள்.

ஏற்கெனவே வெளுத்துப்போன இடத்துக்கு என்ன செய்வது? லேசான துருவுக்கு எண்ணெய் போட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டுப் பருத்தித் துணியால் பொறுமையாகத் தேய்த்தாலே வந்துவிடும், மண்தாள் மட்டும் எடுக்காதீர்கள். வீட்டிலேயே தடவிக் கறுப்பாக்கும் திரவங்கள் இருக்கின்றன, அவற்றில் செலினியம் சேர்மம் இருக்கிறது, நஞ்சு, கையுறையும் திறந்த ஜன்னலும் வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் பிடிக்காது, பிடித்தாலும் பழைய பூச்சு அளவுக்கு உழைக்காது. நான் என் ரிவோல்வரின் முனையை அப்படியே வெளுத்ததாக விட்டு மெழுகு மட்டும் போட்டுவந்தேன், அதற்குப் பிறகு வெளுப்பு அந்த இடத்தைத் தாண்டி ஒரு நூல்கூட நகரவில்லை. முழுதாகப் புதுப் பூச்சு வேண்டும் என்றால் அனுமதி உள்ள துப்பாக்கித் திருத்துநரிடம் மட்டும் கொடுங்கள், உங்கள் லைசன்ஸ் அந்த வருஷத்துக்குப் புதுப்பித்ததா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுப் புறப்படுங்கள், அப்படியே உறையையும் கையோடு கொண்டுபோங்கள், புதுப் பூச்சின் மேல் அது எங்கே முட்டுகிறது என்று அவர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.