குளோரெல்லாப் பச்சை நீர்: 4 லிட்டர் பாட்டிலில் வளர்க்கும் முறை

டாஃப்னியா, ரோட்டிஃபர் போன்ற மிகச்சிறு நீர்வாழ் விலங்குகளை வளர்ப்பவர்களுக்கு, அவற்றின் தீனியான பாசி நிறைந்த பச்சை நீர் அன்றாடத் தேவை. குளத்துத் தண்ணீரை மொண்டுவந்தால் பாசியோடு அதைத் தின்னும் பூச்சிகளும் நீலப்பச்சைப் பாசியும் சேர்ந்தே வரும். எனவே ஒரே இனப் பாசியை விதையாக வாங்கித் தொடங்குவதே நல்லது. அதற்கு ஏற்றது குளோரெல்லா வல்காரிஸ்.

இதன் செல் 2 முதல் 10 மைக்ரான் வரையுள்ள உருண்டை. உள்ளே பெரும்பகுதியை ஒரே ஒரு கிண்ண வடிவப் பசுங்கணிகம் அடைத்துக்கொண்டிருக்கும். கசையிழை கிடையாது, நீந்தவும் தெரியாது. கலக்காமல் விட்டால் அடியில் படிந்துவிடும். தாய்ச்செல்லுக்குள்ளேயே 2, 4, 8 எனச் சேய்ச்செல்கள் உருவாகி, சுவர் கிழிந்ததும் வெளியே வரும். சூழல் ஒத்துவந்தால் ஒரே நாளில் இரட்டிக்கும். இந்த வேகத்தால்தான் ஆய்வகங்களுக்கு இது பிடித்துப்போனது. 1961இல் நோபல் பரிசு பெற்ற மெல்வின் கால்வின், கரியமில வாயு சர்க்கரையாக மாறும் வழியைத் துருவியதும் குளோரெல்லாவையும் செனடெஸ்மஸ் என்ற இன்னொரு பச்சைப் பாசியையும் வைத்துத்தான்.

உரக் கரைசல்

ஆய்வகங்களில் புழங்கும் போல்ட் ஊடகம் (பாசி வளர்க்கும் உரக் கலவை) போதும். கீழ்க்காணும் ஒவ்வொன்றையும் தனித்தனியே 400 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வையுங்கள்:

- சோடியம் நைட்ரேட் 10 கிராம்
- மோனோபொட்டாசியம் பாஸ்பேட் 7 கிராம்
- டைபொட்டாசியம் பாஸ்பேட் 3 கிராம்
- எப்சம் உப்பு 3 கிராம்
- கால்சியம் குளோரைடு 1 கிராம்
- அயோடின் சேராத உப்பு 1 கிராம்

வளர்ப்பு நீர் லிட்டருக்கு ஒவ்வொன்றிலும் 10 மில்லி ஊற்ற வேண்டும். இதோடு, படியாமல் கரைந்தே இருக்க இடிடிஏ என்ற வேதிப்பொருள் கலந்த இரும்பு (லிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்பு கிடைக்கும் அளவு), சிறிது நுண்ணூட்டக் கலவை. எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் அடர்கரைசலாகக் கலந்து வைக்காதீர்கள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்து வீணாகும். தண்ணீரை 20 நிமிடம் கொதிக்கவைத்து, இதே காரணத்துக்காக நன்றாக ஆறிய பிறகே உரம் சேர்க்க வேண்டும். பாஸ்பேட் கடைசியில்.

காற்றை ஏன் குறைக்கக் கூடாது

பாசி வளராமல் நின்றால் பலரும் உடனே உரத்தைக் கூட்டுகிறார்கள். பெரும்பாலும் குறை அங்கே இல்லை. மேலே சொன்ன நைட்ரேட்டில் லிட்டருக்கு 41 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. உலர்ந்த பாசியில் நைட்ரஜன் ஏறத்தாழ 8 சதவீதம் என்பதால், அதைக் கொண்டு அரை கிராம் பாசி விளையலாம். ஆனால் அந்த அரை கிராமுக்குச் சுமார் 0.9 கிராம் கரியமில வாயு வேண்டும். ஒரு லிட்டர் காற்றில் இருப்பதோ முக்கால் மில்லிகிராம்தான். ஆக, துளியும் வீணாகாமல் உறிஞ்சினாலும் லிட்டர் நீருக்கு 1,200 லிட்டர் காற்று உள்ளே போக வேண்டும்! நிமிடத்துக்கு 2 லிட்டர் தரும் ஏர் பம்ப் 4 லிட்டர் பாட்டிலுக்கு இரவுபகலாக ஓடட்டும். குழாயில் பஞ்சு வடிகட்டி வையுங்கள். ஏர் ஸ்டோன் வேண்டாம். அதன் துளைகளில் பாசி அடைத்துக்கொள்ளும். வெறும் குழாய் முனையிலிருந்து எழும் பெரிய குமிழிகள் அடிவரை நன்றாகக் கலக்கும்.

விதை, மொத்த அளவில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 4 லிட்டருக்கு அரை லிட்டர் அடர்பச்சை நீர் நல்ல தொடக்கம். மிகக் குறைவாக விட்டால் பாசி பெருகுமுன் பாக்டீரியா முந்திக்கொள்ளும். வெப்பம் 25 முதல் 28 டிகிரி. 10 வாட் வெள்ளை எல்இடி விளக்குகள் இரண்டை 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்து, நாளுக்கு 16 மணி நேரம் எரியவிடுங்கள். நேர்வெயிலில் மூடிய பாட்டில் மளமளவென்று சூடேறிவிடும். நிழலான வெளிச்சம் பரவாயில்லை.

அறுவடை

குச்சியின் நுனியில் வெள்ளைப் பொத்தானை ஒட்டி நீருக்குள் இறக்குங்கள். 3 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் அது கண்ணுக்கு மறைந்தால் பதம். அதற்கு மேல் அடர்த்தியானால் செல்கள் ஒன்றுக்கொன்று நிழலாகி வளர்ச்சி மந்தப்படும். மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அதே அளவு புது ஊடகம் ஊற்றுங்கள். எடுத்ததைக் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் அசையாமல் வைத்தால் சில நாட்களில் பாசி அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை வடித்துவிட்டுக் கெட்டியான பகுதியைத் தீனிக்கு வையுங்கள். டாஃப்னியாத் தொட்டி இளம்பச்சையாகும் வரை விட்டால் போதும். மறுநாளும் பச்சை குறையாவிட்டால் அளவு அதிகம். வளர்ப்பு நீரை வடிக்காமல் அப்படியே நிறைய ஊற்றக் கூடாது. பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் காரத்தன்மை ஏறியிருக்கும். அப்போது தொட்டியிலுள்ள அம்மோனியா நஞ்சாக மாறும்.

கெட்டுப்போகும் விதங்கள்

மெல்ல மஞ்சளானால் நைட்ரஜன் தீர்ந்திருக்கிறது. பாசி தன் பச்சையத்தையே குறைத்துக்கொண்டு மாவுச்சத்தும் கொழுப்பும் சேர்க்கிறது. உரம் போட வேண்டிய நேரம் இதுதான். ஓரிரு இரவில் நீர் தெளிந்துபோனால் ரோட்டிஃபரோ, பாசியைத் தின்னும் ஒற்றைச்செல் உயிரான சிலியேட்டோ புகுந்திருக்கும். நுண்ணோக்கியில் ஒரு சொட்டு பார்த்தாலே தெரிந்துவிடும். அதைக் காப்பாற்ற மெனக்கெடாமல் கொட்டிவிட்டு, பாட்டிலைக் குளோரினால் கழுவுங்கள். நீலப்பச்சை நூல்களும் மண்வாடையும் தெரிந்தாலும் அப்படியே. அவற்றில் சில நஞ்சு சுரப்பவை.

இந்த நஞ்சு அபாயத்தாலேயே வீட்டில் வளர்த்ததை மனிதர் உண்ணக் கூடாது. மேலும் குளோரெல்லாவின் செல்சுவர் கடினமானது. அதை உடைத்துப் பதப்படுத்தினால்தான் நமக்கு நன்றாகச் செரிக்கும். கடையில் விற்கும் மாத்திரையில் வைட்டமின் கே இருப்பதால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

விதையை எப்போதும் இரண்டு சிறு குடுவைகளில், வெவ்வேறு இடங்களில், மங்கலான வெளிச்சத்தில் வைத்திருங்கள். பெரிய பாட்டிலில் நுழைத்த குழாயையோ கரண்டியையோ அவற்றில் விடாதீர்கள். மாதம் ஒருமுறை ஒரு குடுவையை மட்டும் புதுப்பியுங்கள். அது நன்றாகப் பச்சை பிடித்த பிறகு மற்றதைத் தொடலாம்.