இரையும் கேஸ் அடுப்பு: காற்று வளையத்தைத் திருத்தும் முறை

பணி மாறுதலில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் குடும்பங்கள் கேஸ் அடுப்பையும் கூடவே கொண்டுபோகின்றன. மேலே போனதும் சுடர் சற்று மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பதைக் கண்டு, அடுப்புக்குள் காற்று நுழையும் திறப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்று வளையத்தை யாராவது அகலத் திறந்துவிடுவார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே அடுப்பு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அஸ்தம்பட்டிக்கோ அம்மாபேட்டைக்கோ திரும்பும்போது, பற்றவைத்த நொடியிலிருந்து ‘உஸ்’ என்று ஓயாமல் இரைகிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. மலைமேல் மெலிந்த காற்றுக்கு ஏற்பத் திறந்த வழி, கீழே உள்ள அடர்ந்த காற்றுக்கு அதிகமாகிவிடுகிறது.

இரைச்சல் எங்கே பிறக்கிறது என்பதை அறிந்துகொண்டால் திருத்துவது எளிது. ஜெட் எனப்படும் வாயு முனையின் நுண்ணிய துளை வழியாக வேகமாகப் பாயும் எரிவாயு, கலவைக் குழாயின் வாயருகே உள்ள திறப்பின் வழியே வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு பர்னருக்குப் போகிறது. சிலிண்டர் வாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது; ஒரு பங்கு புரொப்பேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்றும், பியூட்டேனுக்கு ஏறத்தாழ 31 பங்கு காற்றும் வேண்டும். அதில் ஒரு பகுதி மட்டுமே இந்தத் திறப்பின் வழியே வருகிறது, மீதியைச் சுடர் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. திறப்பு தேவைக்கு மேல் அகன்றிருந்தால், கலவை வெளியேறும் வேகம் சுடர் பரவும் வேகத்தை மிஞ்சி, சுடர் பர்னர் துளைகளிலிருந்து எழும்பி நின்று படபடக்கிறது. நாம் கேட்கும் இரைச்சல் பெரும்பாலும் அந்தப் படபடப்புதான்.

வேலையைத் தொடங்குமுன் ரெகுலேட்டரை அணைத்து, அடுப்பு முழுவதும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பர்னர் தலையைக் கழற்றிச் சோப்பு நீரில் ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, பொங்கி வழிந்த பாலின் பொருக்கை ஒவ்வொரு துளையிலிருந்தும் நீக்கி, ஈரம் அறவே போகும்படி உலர்த்த வேண்டும். பல நேரங்களில் தொல்லை இத்துடன் தீர்ந்துவிடும். இரைச்சலாக இல்லாமல் மெல்லிய விசில் போலக் கூவினால், பர்னர் தலை பள்ளத்தில் சரியாக அமரவில்லை என்றோ, துளைகள் சில அடைத்திருக்கின்றன என்றோ முதலில் சந்தேகப்பட வேண்டும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் ஏற்காட்டு வீடுகளில் கலவைக் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டியிருப்பதும் உண்டு. அதை எடுக்காமல் வளையத்தைத் திருகிப் பயனில்லை.

சுத்தம் செய்த பிறகும் இரைந்தால் வளையத்துக்கு வரலாம். அடுப்பின் அடியில், கலவைக் குழாய் ஜெட்டைச் சந்திக்கும் இடத்தில், சுழலக்கூடிய ஒரு தகட்டு வளையமோ சிறு மூடியோ இருக்கும். சிலவற்றில் அதை ஒரு திருகாணி இறுக்கிப் பிடித்திருக்கும். இப்போதுள்ள நிலையைக் குழாயின் மேல் ஒரு கீறலால் குறித்துக்கொண்டு, திருகாணியைத் தளர்த்தி, திறப்பு மயிரிழை அளவு குறையும்படி வளையத்தை நகர்த்த வேண்டும். பின்னர் பற்றவைத்து, பர்னர் சூடேற இரண்டு நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ந்த பர்னரில் சுடர் சற்று எழும்புவது இயல்பு என்பதால், உடனே முடிவு கட்டுவது தவறு. ஒவ்வொரு துளையிலும் கூரான, இளநீல உட்கூம்பு துளையை ஒட்டி நிற்க வேண்டும். கூம்பு மங்கி, நுனியில் மஞ்சள் தெரிந்தால் அளவுக்கு மீறி மூடியிருக்கிறீர்கள். இடையிடையே தெறிக்கும் ஆரஞ்சுப் பொறிகளைக் கண்டு அஞ்ச வேண்டாம். அவை தூசியாலும் சிந்திய உப்பாலும் வருபவை. பெரிய தீயில் சரியாக்கிய பிறகு, குமிழைச் சிறிய தீக்குத் திருப்பியும் பார்க்க வேண்டும். அணைக்கும்போது ‘டப்’ என்ற ஒலி பலமாகக் கேட்டால், சுடர் குழாய்க்குள் பின்வாங்குகிறது என்று பொருள். காற்றை இன்னும் ஒரு சிறிது குறைக்கலாம். எல்லாம் ஒழுங்கானதும் திருகாணியை இறுக்க மறக்கக் கூடாது.

இன்றைய கண்ணாடி மேல்தள அடுப்புகள் பலவற்றில் இந்த வளையமே இருப்பதில்லை. அவற்றின் காற்றுத் துளைகளை டேப்போ அலுமினியத் தாளோ ஒட்டி மறைப்பது ஆபத்து. மெக்கானிக்கிடம் கொடுப்பதே முறை. அங்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சுடர் வலுக்கட்டும் என்று ஜெட்டின் துளையைத் துரப்பணத்தால் பெரிதாக்கித் தர முன்வருபவரை நான் ஒருபோதும் அனுமதிக்க மாட்டேன். வாயு கூடினால் அடுப்பின் முழுக் கணக்கும் குலைந்து, கரியும் கார்பன் மோனாக்சைடும் பெருகும். ஜெட் கெட்டிருந்தால் அதே அளவுள்ள புதிய ஜெட்டை மாற்றச் சொல்லுங்கள். நாமே ஊசியை விட்டுக் குடைவதும் இதே தவறுதான்.

ஒலி அடுப்பில் இல்லாமல் சிலிண்டர் பக்கமிருந்து ரீங்காரமாக வந்தால், அது ரெகுலேட்டருக்குள் உள்ள சவ்வின் அதிர்வாக இருக்கலாம். அதைப் பிரிக்கவே கூடாது. ரப்பர் குழாய் மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, ஏஜென்சியில் சொல்லி ரெகுலேட்டரை மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த வேலைக்குப் பிறகும் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று சோதிப்பது அவசியம். வாடை வந்தால் மின் சுவிட்சுகளைத் தொடாமல் ரெகுலேட்டரை அணைத்து, சன்னல் கதவுகளைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண்ணான 1906-ஐ அழையுங்கள். காற்றைவிடக் கனமான இந்த வாயு தரையோடு தேங்கும் என்பதால், வாசற்கதவையும் திறந்துவிட வேண்டும்.